புத்தாண்டில் பிறக்கும் வழி

அன்பார்ந்த நோயாளர்களே, அவர்தம் குடும்பத்தினரே, உங்கள் அனைவருக்கும் எங்கள் சிறுநீரகவியல் பிரிவின் புத்தாண்டு வாழ்த்துகள்.

இவ்வாழ்த்தைச் சொல்லும்போதே எங்களுக்குள் ஒரு தயக்கம் எழுவதுண்டு. ஆண்டின் முதல் நாள் காலையில் டயாலிசிஸ் அறைக்குள் நுழைந்து ஒவ்வொரு படுக்கையருகிலும் நின்று வாழ்த்துச் சொல்வது எங்கள் வழக்கம். சிலர் புன்னகைப்பர், சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வர். ஓர் ஆண்டு, பெரியவர் ஒருவர் எங்களைப் பார்த்து, "எனக்கென்னங்க டாக்டர் புது வருஷம்? போன வருஷமும் செவ்வாய், வியாழன், சனி. இந்த வருஷமும் செவ்வாய், வியாழன், சனிதான்" என்றார். அவர் சொல்லில் கசப்பு இருந்தது. மறுக்கவியலாத உண்மையும் இருந்தது. நீண்ட நாள் நோயுடன் வாழ்பவருக்கு நாட்காட்டி மாறுவதால் மட்டும் எதுவும் மாறிவிடுவதில்லை. அவ்வாறாயின் நம்பிக்கை என்றும் மகிழ்ச்சி என்றும் நாம் பேசுவதற்கு என்ன பொருள்? அன்று அவருக்கு எங்களால் உடனே விடை சொல்ல முடியவில்லை. அதன்பின் அவரிடமிருந்தும் அவரைப் போன்ற பலரிடமிருந்தும் நாங்கள் கற்றுக்கொண்டவற்றை இங்கே எழுதுகிறோம்.

நம்பிக்கை என்பது யாது?

"எல்லாம் சரியாகிவிடும், நம்பிக்கையோடு இருங்கள்" என்று உறவினர் சொல்கின்றனர். நல்லெண்ணத்துடன் சொல்லப்படும் சொல்தான். ஆனால் முற்றிலும் செயலிழந்த சிறுநீரகங்கள் பெரும்பாலும் மீண்டும் இயங்குவதில்லை என்பதை அறிந்த நோயாளருக்கு அச்சொல் ஆறுதல் தருவதில்லை. நாள்தோறும் பொய்த்துப்போகும் எதிர்பார்ப்பு, எதிர்பார்ப்பே இல்லாத நிலையைவிட மனத்தை அதிகம் களைப்புறச் செய்கிறது.

நம்பிக்கையைப் பற்றி ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் சார்லஸ் ஸ்னைடர், அதனை மூன்று கூறுகளாகப் பகுத்துக் காட்டினார். முதலாவது, நமக்கென்று ஒரு குறிக்கோள். இரண்டாவது, அதை அடைவதற்குரிய வழி. ஒரு வழி அடைபட்டால் மற்றொன்றைக் கண்டுகொள்ளும் திறன். மூன்றாவது, அவ்வழியில் நடக்க என்னால் இயலும் என்ற மனவுறுதி. இம்மூன்றும் சேர்ந்ததே நம்பிக்கை என்பது அவர் கருத்து. அதாவது, நம்பிக்கை என்பது காத்திருத்தல் அன்று. அது ஒருவகைச் செயல்.

நம் முன்னோர் இதனை வேறொரு வகையில் அறிந்திருந்தனர் போலும். 'தை பிறந்தால் வழி பிறக்கும்' என்றனர். துன்பம் ஒழியும் என்றோ, நினைத்ததெல்லாம் நடக்கும் என்றோ அவர்கள் சொல்லவில்லை. வழி பிறக்கும் என்றே சொன்னார்கள். நடக்க வேண்டியது நாம்தான்.

வழி தேடியவர்கள்

இன்று நீங்கள் சாய்ந்து படுத்திருக்கும் அந்தப் படுக்கையும் அருகில் இயங்கும் அந்த இயந்திரமும் ஒரு காலத்தில் யாரோ சிலர் வழி தேடியதன் பயன். இரண்டாம் உலகப் போரின்போது, ஜெர்மானியப் படைகளின் பிடியில் இருந்த நெதர்லாந்தில் வில்லெம் கோல்ஃப் என்ற இளம் மருத்துவர் செயற்கைச் சிறுநீரகம் ஒன்றை உருவாக்கினார். போர்க்காலத் தட்டுப்பாட்டில் அவருக்குக் கிடைத்தது, இறைச்சி அடைக்கப் பயன்பட்ட செலோபேன் உறை. அதனை ஓர் உருளையில் சுற்றி, அதனுள் இரத்தத்தைச் செலுத்தினார். 1943ஆம் ஆண்டு தொடங்கி அவர் சிகிச்சையளித்த முதல் நோயாளர்களில் ஏறத்தாழ அனைவரும் இறந்துபோயினர். 1945ஆம் ஆண்டில், நினைவிழந்த நிலையில் கொண்டுவரப்பட்ட 67 வயது மூதாட்டி ஒருவர் பல மணி நேரச் சிகிச்சைக்குப் பின் கண்விழித்தார். அதன்பின் அவர் மேலும் சில ஆண்டுகள் வாழ்ந்தார்.

ஆயினும் அன்றைய முறையில், ஒவ்வொரு முறையும் புதிதாக ஓர் இரத்தக் குழாயை அறுத்துத் திறக்க வேண்டியிருந்தது. குழாய்கள் தீர்ந்தால் சிகிச்சையும் தீர்ந்தது. எனவே, தற்காலிகமாகச் சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு மட்டுமே அது உதவியது. 1960ஆம் ஆண்டில் சியாட்டில் நகரில் பெல்டிங் ஸ்க்ரிப்னர் என்ற மருத்துவர், கையிலேயே நிலையாக விட்டுவைக்கக்கூடிய டெஃப்லான் குழாயைப் பயன்படுத்தினார். அவருடைய முதல் நோயாளர் கிளைட் ஷீல்ட்ஸ் சில நாட்களில் இறந்துவிடுவார் என்று கருதப்பட்டவர். பதினோரு ஆண்டுகள் வாழ்ந்தார். நம் நாட்டிலும் 1971ஆம் ஆண்டில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை வெற்றிகரமாக நடைபெற்றது. தமிழ்நாட்டில் மூளைச்சாவு அடைந்தோரிடமிருந்து உறுப்புகளைப் பெற்று, வரிசைமுறைப்படி வழங்கும் அரசுத் திட்டம் 2008ஆம் ஆண்டில் உருப்பெற்றது.

இவற்றை நாங்கள் சொல்வது மருத்துவத்தின் பெருமை பேசுவதற்காக அன்று. ஒரு வழி அடைபட்டபோது அவர்கள் அடுத்த வழியைத் தேடினர் என்பதற்காகவே. உங்கள் வாழ்க்கையிலும் நாம் செய்ய வேண்டியது அதுவே.

நூற்று ஐம்பத்தாறு மணி நேரம்

டயாலிசிஸ் பெறுவோர் மகிழ்ச்சியாக இருக்க முடியுமா? 2005ஆம் ஆண்டில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இக்கேள்வியை நேரடியாகவே எடுத்துக்கொண்டது. டயாலிசிஸ் பெறும் 49 பேரிடமும் உடல்நலமுள்ள 49 பேரிடமும் ஒரு சிறு கையடக்கக் கருவியைக் கொடுத்தனர். ஒரு வாரம் முழுவதும் அக்கருவி நாளில் பலமுறை ஒலி எழுப்பி, "இந்த நொடியில் உங்கள் மனநிலை எப்படி இருக்கிறது?" என்று கேட்டது. முடிவைக் கண்டவர்கள் வியந்தனர். இரு சாராரின் அன்றாட மனநிலையிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஆனால் உடல்நலமுள்ளோரிடம், "உங்களுக்கு இந்நோய் வந்தால் எப்படி இருக்கும்?" என்று கேட்டபோது, வாழ்வே துயரமாகிவிடும் என்றே அவர்கள் மதிப்பிட்டனர்.

சிறு எண்ணிக்கையினரிடம் நடந்த ஆய்வு இது. எல்லோரும் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்று இதைக்கொண்டு சொல்லிவிட முடியாது. இருப்பினும் இது ஒன்றை உணர்த்துகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு நோய் மட்டுமே தெரிகிறது. உள்ளே வாழ்பவருக்குக் காலைக் காப்பியும், பேரப்பிள்ளையின் சேட்டையும், மாலைக் காற்றும் தெரிகின்றன.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வாரத்திற்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் என்றால் மொத்தம் 12 மணி நேரம். ஒரு வாரத்தில் உள்ளவை 168 மணி நேரம். எஞ்சியவை 156. வந்துபோகும் நேரத்தையும், சிகிச்சைக்குப் பின் வரும் அசதியையும் கழித்தாலும் பெரும்பகுதி உங்களுடையதாகவே இருக்கிறது. இக்கணக்கைச் சொல்வது எளிது, அந்த நேரத்தை மீட்டெடுப்பது எளிதன்று என்பதை நாங்கள் அறிவோம். அதற்குத்தான் குறிக்கோளும் வழியும் தேவைப்படுகின்றன.

ஒரு தையற்காரர்

எங்களிடம் சிகிச்சை பெற்றுவரும் தையற்காரர் ஒருவரை இங்கே நினைவுகூர்கிறோம். முதல் ஆறு மாதங்கள் அவர் யாருடனும் பேசியதில்லை. அந்த ஆண்டின் இறுதியில், சொல்லாமலே இரண்டு முறை சிகிச்சைக்கு வராமல் நின்றுவிட்டார். புத்தாண்டு நள்ளிரவில், மூச்சுவிட முடியாமல், நுரையீரல் முழுவதும் நீர் கோத்த நிலையில் அவரை அவர் மகன் தூக்கிவந்தார். அவசரமாக டயாலிசிஸ் செய்து உயிரைக் காப்பாற்றினோம். விடிந்ததும், "ஏன் வராமல் இருந்தீர்கள்?" என்று சற்றுக் கடுமையாகவே கேட்டோம். அவர் பதில் சொல்லவில்லை.

எங்கள் செவிலியர் ஒருவர் வேறு விதமாகக் கேட்டார்: "அண்ணே, உங்களுக்கு இப்போ என்ன செய்யணும்னு ஆசை?" நீண்ட நேரம் கழித்து அவர் சொன்னார்: "மிஷின்ல உக்காரணும்மா. ஒரு மணி நேரமாவது."

அந்த விடையிலிருந்து வழிகளைத் தேடினோம். கையை அசைத்தால் ஃபிஸ்டுலா கெட்டுவிடும் என்று அஞ்சி அவர் தொழிலையே விட்டிருந்தார் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. நாங்கள் கேட்டதுமில்லை; அவர் சொன்னதுமில்லை. ஃபிஸ்டுலா உள்ள கையில் இறுக்கமான வளையல் அணிதல், இரத்த அழுத்தம் பார்த்தல், இரத்தம் எடுத்தல், கனமான பொருளைத் தூக்குதல், தலைக்கு வைத்துப் படுத்தல் ஆகியவற்றைத்தான் தவிர்க்க வேண்டும். தைப்பதற்குத் தடையில்லை என்று விளக்கினோம். இரத்தசோகைக்கு ஊசி மருந்தைச் சீர்செய்தோம். நண்பகல் முறையிலிருந்து அதிகாலை முறைக்கு மாற்றினோம். மூன்றாம் மாதம் அவர் இயந்திரத்தின் முன் அமர்ந்தார். முதலில் அரை மணி நேரம். பின்னர் ஒரு மணி நேரம். இப்போதும் அவருக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ்தான். மாற்றுச் சிறுநீரகத்திற்கான பட்டியலில் காத்திருக்கிறார். ஆனால் அதன்பின் அவர் ஒரு முறையும் சொல்லாமல் நின்றதில்லை.

எங்கள் தவறும் இதில் உண்டு. ஆறு மாதங்களாக அவருடைய கிரியேட்டினின் எவ்வளவு, பொட்டாசியம் எவ்வளவு என்று பார்த்துவந்த நாங்கள், அவர் விரும்புவது என்ன என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

பண்டிகைக் காலத்தில்

புத்தாண்டும் பொங்கலும் அடுத்தடுத்து வருகின்றன. இக்காலத்தில் மகிழ்ச்சி ஆபத்தாக மாறாதிருக்கச் சில குறிப்புகளைத் தருகிறோம்.

முதலாவது, பண்டிகைக்காகச் சிகிச்சை முறையைத் தவறவிடாதீர்கள். டயாலிசிஸ் பெறும் 32,000க்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து 2011ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட அமெரிக்க ஆய்வு ஒன்று, வாரத்தின் நீண்ட இடைவெளிக்கு அடுத்த நாளில் இறப்பும் இதயப் பாதிப்பும் கூடுதலாக இருந்ததைக் காட்டியது. வழக்கமான இரண்டு நாள் இடைவெளிக்கே இந்நிலை என்றால், ஒரு முறையைத் தவறவிடுவதன் ஆபத்தை எண்ணிப்பாருங்கள். வர இயலாத நாள் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். நேரத்தை மாற்றித்தர முயல்வோம்.

இரண்டாவது, சொந்த ஊருக்குப் போக விரும்பினால் தயங்காமல் கேளுங்கள். ஊருக்கு அருகிலுள்ள டயாலிசிஸ் மையத்தில் முன்பதிவு செய்து செல்லலாம். மஞ்சள்காமாலை பி, சி, எச்.ஐ.வி. பரிசோதனை முடிவுகள், உங்கள் உலர் எடை, மருந்துப் பட்டியல், சிகிச்சைக் குறிப்பு ஆகியவை தேவைப்படும். சில வாரங்களுக்கு முன்னரே சொன்னால் நாங்கள் ஆயத்தம் செய்து தருவோம்.

மூன்றாவது, நீரின் அளவு. பொதுவாக, ஒரு நாளில் வெளியேறும் சிறுநீரின் அளவோடு ஏறத்தாழ அரை லிட்டர் சேர்த்துக்கொள்வது வழக்கம். உங்களுக்குரிய அளவை உங்கள் மருத்துவரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். ரசம், மோர், பாயசம், கஞ்சி, ஐஸ்கிரீம் ஆகியனவும் நீர்க்கணக்கில் சேரும். தாகத்தை வெல்ல நல்ல வழி உப்பைக் குறைப்பதே. ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றைத் தவிருங்கள். 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்கப்படுவனவற்றில் பெரும்பாலும் பொட்டாசியம் கலந்திருக்கும். சிறுநீரக நோயாளர்கள் அவற்றைப் பயன்படுத்தலாகாது.

நான்காவது, பொட்டாசியம். பொங்கல் நாளில் நம் வீடுகளில் நிறையும் கரும்பு, வாழைப்பழம், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, சேனை, மொச்சை, இளநீர் ஆகியவற்றுள் பல பொட்டாசியம் மிகுந்தவை. இரத்தத்தில் பொட்டாசியம் அளவுமீறினால் இதயத் துடிப்பு திடீரென நின்றுபோகக்கூடும். இளநீரையும் கரும்புச் சாற்றையும் முற்றிலும் தவிருங்கள். காய்களையும் கிழங்குகளையும் சிறு துண்டுகளாக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்நீரை வடித்துவிட்டுச் சமைத்தால் பொட்டாசியம் ஓரளவு குறையும். சர்க்கரைப் பொங்கலை அறவே விலக்க வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. நீரிழிவு கட்டுக்குள் இருந்து, பரிசோதனை முடிவுகள் சீராக இருந்தால், உணவியல் வல்லுநரிடம் கேட்டுக்கொண்டு ஒரு சிறு கரண்டி சுவைக்கலாம். குடும்பத்தோடு அமர்ந்து ஒரு வாய் உண்பதிலும் மருந்து உண்டு.

உடனிருப்போருக்கு

நோயாளர்களைக் கவனித்துக்கொள்ளும் மனைவியரே, கணவர்களே, மக்களே, உங்கள் களைப்பை நாங்கள் காண்கிறோம். வரவேற்பறையில் நாற்காலியிலேயே உறங்கும் உங்களை, பணிக்கு விடுப்புச் சொல்லி ஓடிவரும் உங்களை நாங்கள் அறிவோம்.

ஒரு வேண்டுகோள். அன்பின் மிகுதியால் வீட்டைக் காவல் நிலையமாக மாற்றிவிடாதீர்கள். தாய் குடிக்கும் ஒவ்வொரு வாய் நீரையும் மகன் எண்ண, மகன் உறங்கியபின் தாய் ஒளித்துக் குடிக்கும் வீடுகளை நாங்கள் கண்டிருக்கிறோம். அதற்குப் பதிலாக, ஒரு நாளுக்குரிய நீரைக் காலையிலேயே ஒரு பாட்டிலில் நிரப்பி அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். எப்போது குடிப்பது என்பதை அவரே முடிவு செய்யட்டும். நோய் ஒருவரிடமிருந்து பல உரிமைகளைப் பறித்துவிடுகிறது. எஞ்சியவற்றை நாமும் பறித்துவிடலாகாது.

அதேபோல், அவரிடமிருந்து உண்மையை மறைக்க எங்களைத் துணைக்கு அழைக்காதீர்கள். தம் நிலையை அறியாதவரால் குறிக்கோளை வகுக்க முடியாது. உண்மையை மெல்ல, அவர் கேட்கும் அளவுக்குச் சொல்வோம். மாற்று அறுவை சிகிச்சை அனைவருக்கும் இயலுவதில்லை. வயது முதிர்ந்தும் வேறு நோய்கள் மிகுந்தும் இருப்போர் சிலருக்கு டயாலிசிஸே பெருஞ்சுமையாகிவிடுவதும் உண்டு. அத்தகைய வேளையில், வலியின்றி, மூச்சுத்திணறலின்றி, வீட்டாரின் நடுவே நாட்களைக் கழிப்பதும் மதிக்கத்தக்க குறிக்கோளே. அதற்கும் வழி உண்டு; அதற்கும் நாங்கள் உடனிருப்போம்.

உங்களுக்கும் ஓய்வு தேவை. வாரத்தில் ஒருமுறையேனும் மற்றோர் உறவினரை உடன் அனுப்பிவிட்டு நீங்கள் உறங்குங்கள். பொருட்செலவு கவலை தந்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதி உண்டா என்பதை எங்கள் சமூகப் பணியாளரிடம் கேட்டறியுங்கள்.

மனம் தளர்ந்தால்

இரண்டு வாரங்களுக்கு மேல் நாள் முழுவதும் துயரம் நீடித்தல், பிடித்தவற்றிலும் நாட்டமின்மை, உறக்கமின்மை, "போதும், சிகிச்சையை நிறுத்திவிடுகிறேன்" என்று சொல்லுதல் ஆகியவை மனச்சோர்வு நோயின் அறிகுறிகளாக இருக்கலாம். அது கோழைத்தனம் அன்று. நம்பிக்கையின்மை என்று கடிந்துகொள்ள வேண்டியதும் அன்று. சிகிச்சை உள்ள நோய். சில வேளைகளில் இரத்தசோகையோ, போதிய அளவு டயாலிசிஸ் கிடைக்காமையோகூட இத்தகைய சோர்வைத் தரும், பரிசோதித்தால் தெரிந்துவிடும். எனவே எங்களிடம் சொல்லுங்கள். நடுஇரவில் மனம் தாங்கவில்லை என்றால், டெலி மானஸ் என்னும் அரசு மனநல உதவி எண் 14416ஐ எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்.

மூன்று கேள்விகள்

இந்த ஜனவரி மாதம், அடுத்த முறை சிகிச்சைக்கு வரும்போது, மூன்று கேள்விகளுக்கு விடை எழுதிக்கொண்டு வாருங்கள். எழுத இயலாதவர்கள் வாய்மொழியாகச் சொல்லலாம்.

இந்தப் பொங்கலுக்குள் அல்லது வரும் சித்திரைக்குள் நான் செய்ய விரும்பும் ஒன்று எது? அதைத் தடுப்பது எது? அதற்கு யார் துணை எனக்கு வேண்டும்?

குறிக்கோள் சிறியதாக இருக்கட்டும். கோயில் வரை நடந்து செல்வது, பேத்தியின் பள்ளி விழாவுக்குப் போவது, இரண்டு முறை சிகிச்சைகளுக்கு இடையே எடை கூடுவதைக் குறைப்பது, நின்றுபோன நட்பொன்றைத் தொலைபேசியில் புதுப்பிப்பது, எதுவாயினும் சரி. அதைத் தடுப்பது மருத்துவம் சார்ந்தது என்றால் எங்கள் பொறுப்பு. வேறொன்று என்றால் சேர்ந்து யோசிப்போம். நினைத்தது நடக்காமலும் போகலாம். அப்போது வேறொரு வழியைத் தேடுவோம்.

தொடக்கத்தில் நாங்கள் குறிப்பிட்ட பெரியவரிடம், சில வாரங்கள் கழித்து இதே கேள்விகளைக் கேட்டோம். அவர் சிரித்துவிட்டு, "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கூட்டாளிங்களோட சீட்டாடணும். படிக்கட்டு ஏறத்தான் முடியல" என்றார். மாடியில் இருந்த ஆட்டம் அவருக்காகக் கீழ்த்திண்ணைக்கு இறங்கி வந்தது. இந்த ஆண்டும் அவருக்குச் செவ்வாய், வியாழன், சனியில் டயாலிசிஸ்தான். ஞாயிற்றுக்கிழமையை மட்டும் யாரும் கேட்க முடியாது.

உங்கள் வாரத்திலும் அப்படியொரு நாள் அமைய வேண்டும் என்பதே எங்கள் புத்தாண்டு வாழ்த்து. அடுத்த முறை வரும்போது உங்கள் விடைகளோடு வாருங்கள், காத்திருக்கிறோம்.